கொஞ்சம் கேமும் ஓடணும்

என் கணவரின் உத்தியோகமே குறை கண்டுபிடிப்பதுதான். நக்கலுக்குச் சொல்லவில்லை. அவர் லிஃப்ட் பாதுகாப்புப் பரிசோதகர். டார்ச்சும் கையுமாக மாடிக் கட்டடங்களுக்குப் போவார். கம்பிக் கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு குறையாவது எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டார். குறையே இல்லாத லிஃப்ட்டைக் கண்டால் அவருக்குச் சந்தேகம்தான் கூடும். நல்ல மனிதர், அவர் பார்த்துக் கையெழுத்திட்ட லிஃப்ட் எதுவும் இதுவரை விழுந்ததில்லை. ஆனால் அந்த டார்ச்சை வீட்டுக்குள்ளும் கொண்டுவருவார் என்று கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு எது வாங்குவதாக இருந்தாலும் அவர் இணையத்தில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை மட்டும்தான் படிப்பார். "அஞ்சு நட்சத்திரம் குடுத்தவன் பெட்டியைப் பிரிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டான். திட்டுறவன்தான் உண்மையைச் சொல்லுவான்" என்பது அவருடைய சித்தாந்தம். உலகத்தில் எந்தப் பொருளையும் யாரோ ஒருவர் திட்டியிருப்பார் என்பதால், அவர் கையில் கடைசியில் ஒரு பொருளும் மிஞ்சாது. வாஷிங் மெஷின் தேர்ந்தெடுத்த காலத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் கையால்தான் துவைத்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் நானே போய் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அது இன்றுவரை ஓடுகிறது. அவர் இன்றுவரை அதைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

இப்படிப்பட்ட வீட்டில் என் லேப்டாப் செத்துப்போனது.

கொஞ்ச நாளாகவே அதற்கு உடம்பு சரியில்லை. கீல் உடைந்து, திரை தண்ணீர் பாட்டிலில் சாய்ந்துகொண்டுதான் நிற்கும். அன்று சாயங்காலம் திடீரென்று ஒரு கருகல் வாடை, அப்புறம் இருட்டு. ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, செய்கிற செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சார்ஜரையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

நான் ஒரு ஸ்கேன் சென்டருக்கு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்கிற அறிக்கைகளை வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவள். அதனால் வீட்டில் எல்லோரும் 'ஐயோ பாவம், வேலைக்கு என்ன செய்வாள்' என்று வருத்தப்பட்டார்கள். வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. புது லேப்டாப் வருகிறவரை நேரில் வந்து அடித்துக் கொடுங்கள் என்று அவர்களே ஒரு கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டார்கள். என் கவலை வேறு. அதை வீட்டில் சொல்ல முடியாது.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். அம்மா போனபிறகு அம்மாவின் வீட்டைக் காலி செய்யப் போன இடத்தில் எங்களுக்குள் வாய்ச்சண்டை வந்தது. அம்மாவின் தையல் மெஷினை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நான் கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசல்வரை வந்து கத்தினாள்: "போ, போ. எதையும் பாதியில விட்டுட்டுப் போறவதானே நீ." பாட்டு வகுப்பு, கல்லூரி, ஒரு காலத்தில் நான் வைத்திருந்த பூக்கடை எல்லாம் அந்த ஒற்றை வரியில் வந்துவிட்டன. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் ஒன்று மட்டும் நிற்கவில்லை. சண்டைக்கு முன்னால், படிக்க வெளியூர் போன என் மகள், போவதற்கு முன் எங்கள் இருவர் கம்ப்யூட்டரிலும் ஒரு விவசாய விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பண்ணை. அக்காவின் பெயர் அதில் 'மகாராணி', அவளே வைத்துக்கொண்டது. என் பெயர் 'சின்னது', அதுவும் அவளே வைத்தது. சண்டைக்குப் பிறகு ஒருநாள் சும்மா திறந்து பார்த்தேன். மகாராணி மஞ்சள் தொப்பியோடு என் பக்கத்துத் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் போய் அவள் பக்கத்துக் களையைப் பிடுங்கினேன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் வருவோம், வேலை செய்வோம், போவோம். எழுதிப் பேச அதில் ஓர் இடம் உண்டு. இரண்டு பேரும் அதைத் தொட்டதில்லை. மாதக்கணக்காக அப்படித்தான்.

கடைசியாக ஆற்றுக்கு மேல் ஒரு பாலம் கட்ட ஆரம்பித்திருந்தோம். அவள் அந்தக் கரையிலிருந்து, நான் இந்தக் கரையிலிருந்து. என் பாதி முடிவதற்குள்தான் கருகல் வாடை வந்தது. அதாவது, அக்காவின் கணக்கில், நான் மறுபடியும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா என்பீர்கள். கேட்பது சுலபம், உங்களுக்கு அக்கா இல்லை போலிருக்கிறது. முதலில் போன் செய்கிறவள் தோற்றவள். அதுவும், விளையாட முடியவில்லை என்று சொல்வதற்காகவா போன் செய்வது? நாற்பது வயதைத் தாண்டியவள் தக்காளிச் செடி காய்ந்துவிடுமே என்று தூக்கம் வராமல் கிடக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

ஆகவே லேப்டாப் வேண்டும். அதுவும் டைப் அடிக்க மட்டும் ஆகிற லேப்டாப் போதாது. அதை எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரும் கொழுந்தனும் கூடத்தில் உட்கார்ந்து மாநாடு நடத்தினார்கள். கொழுந்தன் கடைகளுக்குக் கண்காணிப்பு கேமரா மாட்டுகிறவர். ஒயரோடு பழகுகிற காரணத்தால் கம்ப்யூட்டர் உலகமே தன்னைக் கேட்டுத்தான் சுற்றுகிறது என்ற எண்ணம் அவருக்கு உண்டு. நான் துணி மடித்துக்கொண்டே, போகிறபோக்கில் சொல்வதுபோல் சொன்னேன்: "அப்படியே, கொஞ்சம் கேமும் ஓடணும்."

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம வீட்டுல யாரு விளையாடப் போறா?"

"பொதுவா சொன்னேங்க. கேம் ஓடுற மெஷின்னா டைப் அடிக்க இன்னும் நல்லா இருக்கும்ல."

"லிவர் நார்மல், கிட்னி நார்மல்னு அடிக்கிறதுக்கு கேம் மெஷினா?"

கொழுந்தன் முகத்தில் மட்டும் பல்பு எரிந்தது. "அண்ணி சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட் அண்ணா. எடுத்தா மான்ஸ்டரா எடுக்கணும். நான் நாளைக்கே ஒண்ணு கொண்டாந்து காட்டுறேன்."

மறுநாள் நண்பனிடமிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கிக்கொண்டு என்றால் நிஜமாகவே தூக்கிக்கொண்டு. அதன் சார்ஜரே ஒரு செங்கல் அளவு இருந்தது. ஆன் செய்ததும் ஹேர் டிரையர் போடுகிற மாதிரி இரைந்தது. விசைகளுக்கு அடியில் சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் ஓடின. விலையைச் சொன்னார். என் கணவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கு அண்ணி. போர் விளையாட்டெல்லாம் பிச்சு உதறும்."

"நான் எந்தப் போருக்குப் போறேன் தம்பி? மடியில வெச்சா தொடை வெந்துடும்போல இருக்கே."

கணவருடைய கட்சி நேர் எதிர். அவர் சிபாரிசு செய்தது ஆபீஸ்களுக்கென்றே செய்த, பேங்க் கவுன்டர் மாதிரி இருக்கிற ஒன்று. ராம் எட்டு ஜிபிதான், பிறகு கூட்டவும் முடியாது. ஆனால் வாரன்டி நீளம். அதையும் இரண்டு நாளில் அவரே கழித்துவிட்டார். அதற்கும் ஒரு புண்ணியவான் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்.

அதன்பிறகு தினமும் சாப்பாட்டு மேசையில் ஒரு மரண அறிவிப்பு வரும்.

"இன்னைக்கு ஒண்ணு போச்சு."

"எதுக்குங்க?"

"கறுப்பு கேட்டா சாம்பல் கலர் வந்துச்சாம்."

"அது சாகுற அளவுக்குக் குறையா?"

"கம்பெனியோட அலட்சியத்தைக் காட்டுது பாரு." மறுநாள் இன்னொன்று, டெலிவரி செய்ய வந்தவர் அழைப்பு மணியை அடிக்காத குற்றத்துக்காகப் போனது.

நான் பகலில் ஸ்கேன் சென்டரில், ஜெல் டப்பாக்கள் அடுக்கிய சின்ன அறையில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். காதில் டாக்டர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பேசுவார். கல்லீரல் இயல்பு, பித்தப்பை இயல்பு, மண்ணீரல் இயல்பு. ஊரிலுள்ளவர்கள் உறுப்பெல்லாம் இயல்பாக இருக்க, என் நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா தினமும் வந்து பார்த்திருப்பாள். முதல் நாள் காத்திருப்பாள். அடுத்த நாள் உதட்டைப் பிதுக்கியிருப்பாள். அதற்கப்புறம், 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் அப்படிச் சொல்லும் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்தால் கோபம் வந்தது. கோபம் போனபிறகு பயம் வந்தது. அவளும் வராமல் நின்றுவிட்டால், பிறகு எங்களுக்குள் ஒன்றுமே மிச்சமில்லை.

மதிய இடைவேளையில் நானே உட்கார்ந்து படித்தேன். என் விளையாட்டுக்கு மான்ஸ்டர் எதுவும் வேண்டாம். பிராசஸருடன் சேர்ந்தே வருகிற கிராபிக்ஸ் போதும், அது கொஞ்சம் புதிய தலைமுறையாக இருந்தால் சரி. ராம் பதினாறு ஜிபி, சேமித்து வைக்க வேகமான எஸ்எஸ்டி வேண்டும். கீபோர்டு என் விரலுக்கு ஒத்துவர வேண்டும், கீல் தண்ணீர் பாட்டில் கேட்காமல் நிற்க வேண்டும், சர்வீஸ் சென்டர் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பொருந்தி, நடுத்தர விலையில், சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அதன் பெயரைச் சொன்னேன்.

"அதுவா? அது நேத்தே போச்சு" என்றார் கணவர். போனைத் தள்ளித் தள்ளித் தேடி வாசித்தார்: "'மெஷின்ல ஒரு குறையும் இல்லை. கூட விளையாடுற ஆள்தான் வரல. ஒரு நட்சத்திரம்.'"

"ஆள் வரலைன்னா லேப்டாப் என்னங்க பண்ணும்?"

"உனக்குப் புரியல. மத்தவங்க உள்ள வர முடியலைன்னா நெட்வொர்க் கார்டுல பிரச்சினை இருக்குன்னு அர்த்தம். படிக்கத் தெரிஞ்சு படிக்கணும்."

தலையில் அடித்துக்கொண்டேன். "இந்த ஞாயிறு சாயங்காலம் நான் கடைக்குப் போறேன். வர்றவங்க வரலாம்."

இரண்டு பேரும் வந்தார்கள். அந்தக் கடைக்குக் கேமரா மாட்டியதே கொழுந்தன்தான். அதனால் சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி முன்னால் நடந்தார். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். எதைக் காட்டினாலும் அவரிடம் ஒரே வார்த்தைதான்.

"இது எப்படி ஓடும்?"

"சூப்பரா ஓடும் மேடம்."

"இது?"

"இதுவும் சூப்பரா ஓடும் மேடம்."

"இந்தக் கடையில சூப்பரா ஓடாதது ஏதாவது இருக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "ஏசி மேடம்" என்றார். உண்மையான மனிதர்தான், எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.

மூலையில் அந்தச் சாம்பல் நிற லேப்டாப் இருந்தது, காட்சிக்கு வைத்தது. ஒரு கையால் மூடியைத் திறந்தேன், திரை ஆடாமல் நின்றது. பழக்கதோஷத்தில் 'கல்லீரல் இயல்பு' என்று அடித்துப் பார்த்தேன். விசை ஒவ்வொன்றும் விரலுக்குப் பதில் சொன்னது. அடியில் கை வைத்தேன், வெதுவெதுப்புதான்.

"அதைத்தான் கழிச்சாச்சே. நெட்வொர்க்" என்றார் கணவர்.

"அப்போ விளையாட்டை ஏத்தி ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்ல?"

"டெமோ பீஸ்ல எதுவும் ஏத்தக் கூடாது மேடம்" என்று விற்பனையாளர் நெளிந்தார். கொழுந்தன் கூரை மூலையிலிருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தார், பிறகு விற்பனையாளரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அந்த மனிதர் உடனே கடையின் வைஃபையை இணைத்துக் கொடுத்துவிட்டார். கொழுந்தன் என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த முதல் உதவி அது.

விளையாட்டு இறங்கி முடிகிறவரை மூன்று ஆண்களும் என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். கடவுச்சொல்லை அடித்தேன். எல்லாம் காய்ந்து, முள் மண்டிக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன்.

பண்ணை பச்சையாக இருந்தது. என் பக்கத்துத் தக்காளி பழுத்துத் தொங்கியது. யாரோ தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பாலத்தில் அவளுடைய பாதி ஆற்றின் நடுவரைக்கும் வந்து நின்றிருந்தது. என் பாதி நான் விட்ட இடத்திலேயே இருந்தது. அதில் ஒரு பலகைகூட அவள் வைக்கவில்லை. அவள் பாதியின் விளிம்பில், மஞ்சள் தொப்பியோடு, மகாராணி நின்றுகொண்டிருந்தாள்.

நான் வந்தது அவள் திரையில் தெரிந்திருக்க வேண்டும். தொப்பி திரும்பியது. மாதக்கணக்காக யாரும் தொடாத இடத்தில் எழுத்துகள் வந்தன. கொழுந்தன் சத்தமாகப் படித்தார். "'உயிரோட இருக்கியா.' யாரு அண்ணி இது?"

"எங்க அக்கா" என்றேன். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது?

'லேப்டாப் செத்துப்போச்சு. புதுசு வாங்கக் கடையில நிக்கிறேன்' என்று அடித்தேன். கொஞ்சம் யோசித்து, 'நான் பாதியில போகல' என்றும் அடித்தேன்.

அதற்குள் என் கணவர் குனிந்து, பரிசோதனை செய்கிற கண்களோடு, அந்தப் பெயரை உற்றுப் பார்த்தார். "மகாராணி, மகாராணி" என்று முணுமுணுத்தார். போனை எடுத்துத் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தி, என் முன்னால் நீட்டினார்.

அதே விமர்சனம். மெஷின்ல ஒரு குறையும் இல்லை. கூட விளையாடுற ஆள்தான் வரல. ஒரு நட்சத்திரம். கீழே பெயர்: மகாராணி. என் பழைய லேப்டாப் செத்த அந்த வாரத்தின் தேதி. அப்படியென்றால் அவள் வைத்திருப்பதும் இதே மாடல்தான். ஹோட்டலில் குடித்த காபிக்குக்கூட மதிப்பெண் போடாமல் எழுந்து வரமாட்டாள் என் அக்கா. தங்கச்சியைக் காணோம் என்று சொல்ல அவளுக்குக் கிடைத்த இடம் லேப்டாப் விற்கிறவனின் இணையப் பக்கம். எனக்குப் போன் செய்ய மாட்டாள், உலகத்துக்கே சொல்லுவாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. விற்பனையாளர் பதறிப்போய் இருபது சதவீதம் தள்ளுபடி என்றார்.

அப்போது என் போன் அடித்தது. அக்கா.

"எந்தக் கடையில நிக்கிற?" எடுத்ததும் இதுதான். எப்படி இருக்கிறாய் என்பதெல்லாம் அவள் வழக்கத்தில் இல்லை.

சொன்னேன். எந்த மாடல் என்றும் சொன்னேன்.

"அதையா வாங்கப்போற? ஏண்டீ, அது ஃபேன் சத்தம் போடும்டீ. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"நீ தையல் மெஷினுக்கு என்கிட்ட கேட்டியா?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவள் அகராதியில் அதற்கு மேல் இறக்கம் கிடையாது. பேசுவோம், அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது. எனக்கு அதைப் பற்றிப் பயமில்லை.

"ஒரு குறையும் இல்லைன்னு எழுதிட்டு, இப்போ ஃபேன் சத்தம்ங்கிற?"

"அதை நீ எங்க படிச்ச?" என்று அதட்டினாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் அவளுக்கு அதட்டத்தான் வரும். "சரி, சரி, நின்னுக்கிட்டே இருக்க. அந்தப் பலகையை வை முதல்ல. எத்தனை நாள் நான் ஆத்து நடுவுல நிக்கிறது?"

கடையில் வேறு வாடிக்கையாளர்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, அவள் திட்டத் திட்ட, நான் மிச்சப் பலகைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசிப் பலகை பொருந்தியதும் மகாராணி நடந்து என் கரைக்கு வந்து, நேராகப் போய் என் தக்காளியைப் பறித்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

"அந்த நட்சத்திரத்தை மாத்து" என்றேன். "இப்போ ஆள் வந்தாச்சுல்ல."

"மாத்துறேன். ஆனா ஃபேனுக்குக் குறைப்பேன். ரெண்டு தர்றேன், அதுக்கு மேல முடியாது."

நான் நிமிர்ந்து கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து லேப்டாப்பின் அடியில், கீலில், காற்று வருகிற ஓட்டையில் எல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் ஒரு கீறல் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் எழுதுவதற்கு ஒரு குறை கிடைத்துவிட்டது.

"எங்க அக்கா அதை ரெண்டு நட்சத்திரமா மாத்தப்போறா" என்றேன்.

"ரெண்டு நட்சத்திரம்னா நான் படிக்கிறதே இல்ல" என்றார் அவர். பிறகு விற்பனையாளர் பக்கம் திரும்பினார். "பில் போடுங்க. அவங்க பேசி முடிக்கிறவரைக்கும் ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க."